கையெழுத்து சரியில்லை

"கையெழுத்து சரியில்ல. மறுபடியும் போட்டு எடுத்துனு வா."

பில்டர் ஆபீசின் முன்மேசையிலிருந்த ஸ்டெல்லா தாளைத் திருப்பித் தள்ளினாள்.

காசம்மாளுக்கு இது மூன்றாவது நடை. வெளியே மீன்கூடையில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

"இன்னாம்மா இது? மொத வாட்டி ஆதார் ஜெராக்ஸ் தெளிவா இல்லன்ன. போன வாட்டி போட்டோ பழசுன்ன. இப்ப கையெழுத்தா? அக்ரிமென்ட்ல போட்ட அதே கைதாம்மா இது."

"அதுல இருக்கிற மாதிரி இல்லியே."

"வூடு வாங்கி ஒரு வருசம் ஆவல. ஹால் சுவத்து வெடிப்புல வெரலு உள்ள போவுது. மழைக்குள்ள சரி பண்ணணும். பிரச்சனைன்னா நடுவர்தான் தீக்கணும்னு அக்ரிமென்ட்லயே இருக்குன்னீங்க. சரி, ஒங்க மொதலாளி மச்சானே நடுவரா இருந்துட்டு போவட்டும்னு எழுதிக் குடுக்க வந்தா, அதையும் வாங்க மாட்டேங்கற."

கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். "இன்னும் முடியலையா ஸ்டெல்லா?"

"ரூல்ஸ்னா ரூல்ஸ்தான் சார்" என்றவள், குரலை உயர்த்தினாள். "சும்மா வந்து உயிர எடுக்காத. என் மேல கோவம்னா வக்கீலாண்ட போய் சொல்லிக்க. போ."

மேனேஜர் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

"போறேன்டி. நாலு மீன விக்க நாப்பது தெரு கூவறவ. எனக்கு வக்கீல் வூடு தூரமா?"

கூடையோடு நேரே வில்லியனூர் வக்கீல் உஷாராணியிடம் போய் நின்றாள்.

"மொதல்ல அவ மேல கேஸ் போடுங்கம்மா. வூட்டு கேஸ் அப்புறம்."

உஷாராணி தாளை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

"இதக் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டீங்களா?"

"அவ வாங்கினாத்தான?"

"நல்லவேளை. அவங்க ஆளையே நடுவரா ஏத்துக்கிறேன்னு எழுதிக் குடுத்திருந்தா, அவர் சொல்றதுதான் தீர்ப்பு. இப்ப, அக்ரிமென்ட்ல நடுவர்னு இருந்தாலும், நேரா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். வெடிப்ப போட்டோ எடுத்துட்டு வாங்க, இன்னைக்கே எழுதிடலாம்."

காசம்மாள் முகம் தெளிந்தது. கோபம்தான் அடங்கவில்லை. "அந்த ஸ்டெல்லாவ மட்டும் வுட்டுடாதீங்க."

உஷாராணியின் பேனா நின்றது.

"ஸ்டெல்லாவா? அவங்க வீடும் அதே பில்டர் கட்டினதுதான். தளம் ஒழுகுதுன்னு போன வருசம் எங்கிட்ட வந்தாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியல."

"ஏம்மா?"

"இதே மாதிரி தாள்ல கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு வந்திருந்தாங்க."