அச்சேறாத ஞானஸ்நானம்

"மூணு தடவை கொன்னுட்டேன் சாமி. திரும்பத் திரும்ப எந்திரிச்சு வருது," என்றான் தெர்லிஸ், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

பங்குச்சாமியார் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். கோயில் அலுவலகத்தில் அப்படியொரு பேச்சை அவர் கேட்டதில்லை. பிறகுதான் தெர்லிஸ் மேசைமேல் இருந்த கணினியைக் காட்டினான்.

முந்தின நாள் அந்தக் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கி, பாதி வழியில் நின்றுவிட்டது. அதிலிருந்து பிரிண்டர் வாயைத் திறக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து முடித்துவிட்டால் சரியாகிவிடும். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் அந்த வேலையைச் செய்ய முடியும். முதலில் நுழைந்தவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். அவரை வெளியேற்றினால்தான், கணினிக்காரர் பேச்சில் கொன்றால்தான், அடுத்தவர் நுழையலாம்.

"உள்ள ஏதோ ஒண்ணு எனக்கு முன்னாடியே பூந்துடுது சாமி. அதைக் கொன்னாத்தான் நான் நுழைய முடியும். கொன்னுட்டு நுழையறேன், முக்கால்வாசி போனதும் அது என்னைக் கொன்னுடுது."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அர்செனியோ இதைக் கேட்டு இன்னும் வெளுத்தான். மறுநாள் காலை என்கர்நாசியோன் நகரில் அவனுக்குக் கல்யாணம். ஞானஸ்நானச் சான்றிதழ் இல்லாமல் பூசை வைக்கமாட்டேன் என்று அந்த ஊர்ச் சாமியார் சொல்லிவிட்டார். கையால் எழுதிக் கொடுத்தால் செல்லாதாம். மறைமாவட்டப் படிவத்தில் அச்சடித்ததுதான் வேண்டுமாம். காலையில் அச்சுக்குக் கொடுத்த சான்றிதழ் கணினிக்குள்ளேயே வரிசையில் காத்துக்கிடந்தது. கடைசி பஸ் மூன்றே முக்காலுக்கு.

"மாமனார் கன்னுக்குட்டிய அறுத்து உப்புத் தடவிட்டாரு. கல்யாணம் நின்னா அது எந்திரிச்சு வராது. அவரு கையில கத்தி வேற இருக்கு," என்றான் அர்செனியோ.

பக்கத்தில் நின்றிருந்த எர்மீனியாதான் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவர். குறுக்கே படுத்திருக்கும் நாயிடம்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் தாண்டுகிற பெண் அவர். தெரெரே என்கிற குளிர்ந்த மூலிகைப் பானத்தைக் குவளையில் ஊற்றி முதலில் தெர்லிஸிடம் நீட்டினார். அவசரப்படாதே, எல்லாம் நல்லபடியாக முடியும் என்று சொல்லிவிட்டு, தெர்லிஸ் வந்ததிலிருந்து இரண்டாம் தடவையாகக் கைபேசியை எடுத்துக்கொண்டு பூசை உடுப்பு அறைக்குள் போனார்.

பஸ் நிலையத்தில் கைபேசிக்குக் கண்ணாடி மாற்றுவதுதான் தெர்லிஸின் பிழைப்பு. சாமியார் கூப்பிட்டதும் கடையை அடைத்துவிட்டு ஓடிவந்தவன், தன்னால் முடியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டான். ஒன்றுக்குப் போவதாகச் சொல்லி வெளியே வந்து, மாமரத்தடியில் நின்றுகொண்டு, தன்னோடு படித்து இப்போது அசுன்சியோனில் பெரிய வேலையில் இருக்கும் நிமியோவை அழைத்தான். நிமியோ வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். எர்மீனியா அறையிலிருந்து வெளியே வந்த பிறகுதான் அழைப்பு போனது.

கோயில், சாமியார் என்றெல்லாம் தெர்லிஸ் சொல்லவில்லை. வாடிக்கைக்காரர் ஒருவருடைய கணினி என்று மட்டும் சொல்லி, நிலைமையை விளக்கினான்.

"இதுக்கெல்லாம் இரக்கம் பாக்காத மாப்ளே. கொன்னுக்கிட்டே இரு, ஒரு கட்டத்துல அடங்கிடும். நானும் இங்க அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன். வெச்சுடறேன்," என்றான் நிமியோ.

தெர்லிஸ் புதுத் தெம்போடு வந்து நான்காம் முறை கொன்றான். ஐந்தாம் முறை கொன்றான். பதிலுக்கு அதுவும் கொன்றது. ஆறாவது முறைக்கு விரலைத் தூக்கியபோது மணி மூன்று அடித்தது.

ஆண்டவர் உயிர் விட்ட நேரம் அது. அந்தப் பங்கில் மூன்று மணிக்கு யார் எங்கே இருந்தாலும் கை வேலையை விட்டுவிட்டு இரக்கத்தின் ஜெபமாலை சொல்வார்கள். மாவு பிசைகிறவளும் சரி, மாடு கறக்கிறவனும் சரி.

"சாமி, பஸ்ஸுக்கு முக்கா மணி நேரம்தான் இருக்கு," என்று தெர்லிஸ் கெஞ்சினான்.

"பத்து நிமிஷம் குடுப்பா. கடலையே நிறுத்தினவருக்கு ஒரு பஸ்ஸை நிறுத்தத் தெரியாதா?"

தெர்லிஸ் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக் கூப்பினான். நான்கு பேரும் மண்டியிட்டார்கள். அர்செனியோ ஜெபத்தைவிடக் கன்றுக்குட்டியைத்தான் அதிகம் நினைத்தான். ஆண்டவர் அதையும் ஜெபமாகவே கணக்கில் எடுத்துக்கொண்டிருப்பார்.

கடைசி ஆமென் சொல்லும்போது பிரிண்டர் இருமியது. பிறகு ஒரு தாளை மெல்ல வெளியே தள்ளியது. மூன்று மாதங்களாக மங்கலாகவே அடித்துவந்தது மையை எங்கிருந்து இழுத்ததோ, அர்செனியோவின் பெயர் கறுப்பாகப் பளபளவென்று விழுந்திருந்தது. திரையில் எல்லாம் முடிந்தது என்ற அறிவிப்பு.

யாரும் கணினியைத் தொடவில்லை. சாமியாரின் கண் கலங்கியது. முத்திரை குத்திய கையோடு அர்செனியோவைப் பஸ்ஸுக்குத் துரத்தினார். தெர்லிஸ் எழுந்திருக்கவே இல்லை. முதல் நற்கருணை வாங்கியதோடு கோயிலை மறந்தவன், இனி ஞாயிறு தவறாமல் வருவதாக மண்டியிட்ட இடத்திலேயே வாக்குக் கொடுத்தான்.

அப்போது எர்மீனியாவின் கைபேசி அடித்தது. அவர் இரண்டு கையிலும் ஐஸ்கட்டி. முழங்கையால் தட்டியதில் குரல் அறை முழுக்கக் கேட்கும்படி ஆகிவிட்டது. பேசுவது யாரென்று பார்த்தவர் பதறிப்போனார்.

"நிமியோ, அப்புறம் பேசறேன்டா. அந்தத் தம்பி பக்கத்துலதான் இருக்கு. அது மனசு நோகக் கூடாதுன்னுதானே உன்னை அங்கிருந்தே சத்தமில்லாம பண்ணித் தரச் சொன்னேன்."

"பண்ணிட்டேன் சித்தி. சும்மா சும்மா என்னைக் கொன்னுக்கிட்டிருந்த மடையன், ஒருவழியா கையை எடுத்துட்டான்."