பத்தடிக்குப் பத்தடி

'லோசலீன் வனிலா' என்று எழுதிய பலகையை வாசல் ஆணியில் மாட்டிவிட்டு லோசலீன் ஏணியிலிருந்து இறங்கினாள். கடை திறந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. பதினோரு மணிக்கு மூடிவிட வேண்டும்.

"லேசாக் கோணலா இருக்கு" என்றான் பாயேயா. படகு மோட்டார் பழுது பார்ப்பவன், அந்த முன்னறைக்குச் சொந்தக்காரன். "பரவாயில்ல விடு. ஒரு மணி நேரக் கடைதானே."

"கிண்டல் பண்ணாத. மூணு நாளாச் சோறே இறங்கல எனக்கு."

லோசலீனிடம் வனிலாக் காய் வாங்குகிறவர்கள் ஆக்லாந்திலும் பிரிஸ்பேனிலும் இருக்கிறார்கள். போனில் பார்த்து, போனிலேயே பணம் கட்டிவிடுகிறார்கள். ஆனாலும் கடை என்றால் கடைதான் என்கிறது சட்டம். தெருவைப் பார்த்துப் பத்தடிக்குப் பத்தடி அறை, பெயர்ப்பலகை, ஒரு தராசு, வாடிக்கையாளர் உட்கார ஒரு நாற்காலி. படுத்துத் தூங்கும் அறையைக் கடை என்று காட்டக் கூடாது. வாடிக்கையாளர் கடல் தாண்டி வந்து நாற்காலியில் உட்காருவாரா என்று சட்டத்திடம் யார் கேட்பது?

உரிம எண் இல்லாத பொட்டலத்தைத் தபால் அலுவலகம் கையால் தொடாது. நாற்பத்திரண்டு பொட்டலங்கள் அவள் கட்டிலடியில் கிடந்தன. வெள்ளிக்கிழமை விமானத்தில் போகாவிட்டால் வாங்கியவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், ஈரக்காற்றில் வனிலாவும் பூசணம் பிடித்துவிடும்.

அந்த உரிமத்துக்காக மூன்று மாதமாக நடக்கிறாள். முதலில் வரி எண் இல்லை என்றார்கள். வாங்கிக்கொண்டு போனால் படிவம் மாறிவிட்டது. புதுப் படிவத்தைக் கணினியில்தான் நிரப்ப வேண்டுமாம், நிரப்பியதை மூன்று நகல் எடுத்து நேரில்தான் கொடுக்க வேண்டுமாம். கடைசியில், இன்று பத்து மணிக்கு மேல் ஆய்வாளர் வந்து கடையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார் என்றார்கள். நடந்து நடந்து கோபப்படவும் அலுத்துவிட்டது.

அவள் வீட்டில் இருப்பது இரண்டே அறை, இரண்டிலும் ஆள் படுக்கிறார்கள். அதனால் பாயேயாவிடம் கேட்டாள். எங்கள் தீவில் சொந்தக்காரர் கேட்டால் இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது, சொந்தக்காரர் இல்லாத ஆளும் கிடையாது. பாயேயாவின் முன்னறை நேற்று சோப்புக் கடையாக இருந்தது, போன வாரம் தேன் கடை.

ஆய்வாளர் மொசேசே, எங்கள் தீவில் அலுவலகம் போகிறவர்கள் உடைக்கு மேல் சுற்றிக் கட்டும் பின்னல் பாய் இடுப்பிலும் அளவு டேப் கையிலுமாக வந்து சேர்ந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் லோசலீனைவிடக் களைத்தவராகத் தெரிந்தார்.

"வாங்கய்யா. கேகே சூடா இருக்கு, ஒரு மாவுருண்டை எடுத்துக்குங்க."

"வேணாம்மா. எண்ணெயில பொரிச்சதுன்னாலே இப்ப ஆகமாட்டேங்குது. எங்க வீட்டுல விடிஞ்சா வாழக்கா வறுவல், பொழுதடைஞ்சா வாழக்கா வறுவல். சட்டை பூரா அந்த வாசம்."

நீளம் அளந்தார், அகலம் அளந்தார். தராசுத் தட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"கடை எத்தனை நாளா நடக்குது?"

"ரெண்டு மாசமா, ஐயா."

"இன்னிக்கு வாடிக்கை யாராச்சும் வந்தாங்களா?"

"இப்பதான் போனாங்க. நீங்க எதிர்ல பாத்திருப்பீங்களே" என்றான் பாயேயா. லோசலீன் அவனை முறைத்தாள்.

"வனிலாக் கடையில சோப்பு வாசம் வருதே."

"தரை கழுவினேன், ஐயா."

"ம்" என்று எழுதிக்கொண்டார். பிறகு அந்த நாற்காலியை இழுத்து, அதன் ஒரு காலைச் சுவரோடு ஒட்ட வைத்து, பதமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "என்னப்பா பாயேயா, இந்த ஆடுற கால இன்னும் சரி பண்ணலையா?"

வாய் ஓயாத பாயேயா கூரையைப் பார்த்தான்.

"சோப்பு, தேனு, அதுக்கு முன்னாடி கைப்பை. இந்த அறைய ஒம்பது தடவ அளந்திருக்கேன். ஒரு தடவகூட அங்குலம் மாறல" என்றார் மொசேசே. குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அவளுக்குப் பயம் அதிகமானது.

இனிமேல் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"பொய்தான் ஐயா. என் கடை இங்க இல்ல, இந்தப் போன்ல இருக்கு. இத எப்படி ஐயா டேப் வெச்சு அளப்பீங்க? நாப்பத்திரண்டு பேரு என்னை நம்பிக் காசு கட்டிட்டாங்க. உங்களோட சண்டை போடக்கூட எனக்குத் தெம்பு இல்ல. என் பேர அடிச்சுடுங்க. பாயேயாவ மட்டும் விட்டுடுங்க, கேட்டவங்களுக்கு இல்லேன்னு சொல்லத் தெரியாதவன்."

மொசேசே பேனாவை மூடினார். படிவத்தில் கையெழுத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது. எழுந்து போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினார்.

"இதுக்குச் சாவி யார்கிட்ட இருக்கு?"

பாயேயா சாவியை எடுத்து நீட்டினான். அறைக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைக்கப் போகிறார். மூன்று மாத அலைச்சல் இப்படி முடிந்ததே என்று நினைத்தபோது லோசலீனுக்கு அழுகைகூட வரவில்லை. எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

மொசேசே சாவியை வாங்கவில்லை. படிவத்தைச் சுவரில் வைத்து, மூன்று நகலிலும் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தார். பிறகு பாயேயா பக்கம் திரும்பினார். குரல் மிகவும் தணிந்திருந்தது.

"திங்கக்கிழம இந்த அறை காலியாப்பா? எங்க வீட்டுக்காரி வறுவல் கடைக்கு வேணும்."