மஹாலில் பெண் பார்த்தோம்

"இந்தப் பொண்ணு வாயே மூடாது போலிருக்கே!" என்றேன், என் கணவர் காதில்.

திருமலை நாயக்கர் மஹாலில் ஒலி ஒளிக் காட்சி. ஆறேமுக்கால் ஷோ. தூணெல்லாம் சிவப்பு விளக்கு எரிய, ராஜா ஸ்பீக்கரில் இங்கிலீஷில் கர்ஜித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ரோகிணி. அவளுக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா சின்னத்தாய். ஷோ ஆரம்பித்ததிலிருந்து அம்மா காதில் எதையோ முணுமுணுத்தபடியே இருந்தாள் அந்தப் பெண். நான் படித்த கான்வென்ட்டாக இருந்தால் வெளியே முட்டி போட வைத்திருப்பார்கள்.

நாங்களும் ஷோ பார்க்க வரவில்லை. பெண் பார்க்க வந்தோம்.

என் மகன் ராகேஷ், பேங்கில் கூட வேலை பார்க்கும் ரோகிணியைத்தான் கட்டுவேன் என்று நின்றான். நாங்கள் சௌராஷ்ட்ரா. அவர்கள் திருமங்கலம் பக்கம் விவசாயக் குடும்பம். அப்பா இல்லை. இரண்டு மாதம் வீட்டில் சண்டை. கடைசியில் அவனே இறங்கி வந்தான்.

"ஒரு தடவை நேர்ல பாரும்மா. பார்த்துட்டும் வேண்டாம்னு சொன்னா, சத்தியமா விட்டுடறேன்."

வீட்டுக்கு வரச் சொன்னால் தெருவே எட்டிப் பார்க்கும். கோவில் என்றால் தெரிந்தவர்கள் பத்துப் பேராவது தட்டுப்படுவார்கள். மஹாலில் இங்கிலீஷ் ஷோ என்றால் வெள்ளைக்காரர்களும் கொசுவும்தான். ராகேஷை வரவே கூடாது என்று சொல்லிவிட்டேன்.

டிக்கெட் கொடுக்கும் இடத்தில் பார்த்தவுடனேயே, "வாங்க மதினி!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள் சின்னத்தாய். யாருக்கு யார் மதினி?

"ராசா என்னத்தா சொல்றாரு?" இருட்டில் சின்னத்தாயின் குரல் கேட்டது.

"சண்டைக்குக் கெளம்பப் போறாராம்மா."

"இம்புட்டு நேரம் பேசுனதுக்கு அம்புட்டுத்தானா?"

முன் வரிசை வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்தாள். எனக்கு மானம் போயிற்று.

"ஏங்க, மொழிபெயர்ப்பு நடக்குது! தனக்கு இங்கிலீஷ் தெரியும்னு நமக்குக் காட்டுறா."

எங்கள் பாஷையில்தான் சொன்னேன். சௌராஷ்ட்ராவில் இந்த ஒரு சௌகரியம் உண்டு. எதிரில் இருப்பவரைப் பற்றி அவர் எதிரிலேயே பேசலாம். பஸ்ஸில், ஜவுளிக்கடையில், டாக்டர் வீட்டு பெஞ்சில் என்று எத்தனையோ வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

"மெதுவாப் பேசு, மங்கை" என்றார் என் கணவர் சீதாராமன்.

"எதுக்கு? புரியவா போகுது? அந்தம்மா சேலையைப் பாருங்க. கிளிப்பச்சை. தெற்கு வாசல்ல நின்னு பார்த்தாக்கூடக் கண்ணு கூசும்."

"உஸ்..."

"லைட்டைப் பார்க்கிறதுக்கு இப்படியா வாயைப் பொளந்துக்கிட்டு உட்காரணும்? நாளைக்கு நம்ம சொந்தக்காரங்க நடுவுல இதைச் சம்பந்தின்னு கூட்டிட்டுப் போய் நிறுத்த முடியுமா?"

"பொண்ணு எப்படி, அதைச் சொல்லு."

"பொண்ணு கிடக்கா. வேண்டாம்னு இன்னிக்கே ராகேஷ்கிட்ட சொல்லிடப் போறேன். நீங்க நடுவுல வராதீங்க."

ஸ்பீக்கரில் குதிரைகள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடின. ரோகிணியின் முணுமுணுப்பு நின்றுவிட்டிருந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

ஷோ முடிந்து விளக்கைப் போட்டார்கள். சின்னத்தாய் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பி, ரகசியம் பேசத் தெரியாத குரலில் ரகசியமாகக் கேட்டாள்.

"ஏத்தா, மதினியும் அண்ணனும் என்னமோ பேசிக்கிட்டே இருந்தாகளே, நம்மளப் பத்தியா? ஒனக்குத்தான் இப்ப அவுக பாஷ தெரியுமே!"

சீதாராமன் சட்டென்று ஒரு தூணை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். எனக்குப் பார்க்கத் தூண் கிடைக்கவில்லை.

"ஆமாம்மா" என்றாள் ரோகிணி. "ஒன் சேலை எம்புட்டுத் தூரத்துல இருந்து பாத்தாலும் எடுப்பாத் தெரியுமாம்."

"ஆத்தீ! நல்லநாளுக்குன்னு எடுத்ததுல்ல! அப்புறம்?"

"நீ லைட்டையெல்லாம் பச்சப்புள்ள மாதிரி ரசிச்சுப் பாத்தியாம்."

"பாத்தியா, எப்படிக் கவனிச்சிருக்காக!"

நான் சொன்ன வரிசை மாறவில்லை. ஒன்றையும் விடவுமில்லை.

சின்னத்தாய் மகள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அது கெடக்கட்டும். ஒன்னயப் பத்தி என்ன சொன்னாக? சரின்னுட்டாகளா?"

ரோகிணி அன்று முதல்முறையாக என்னை நேருக்கு நேர் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. ஒரு சொல்கூடப் பிசகாத சௌராஷ்ட்ராவில், ராகேஷ் பேசுகிற அதே இழுப்போடு என்னிடம் சொன்னாள்:

"அதை மட்டும் நீங்களே எங்க அம்மாகிட்ட சொல்லிடுங்க."