ஆறுமணிக்குருவி

"ஆறுமணிக்குருவியை என் கண்ணால பாத்த அன்னைக்குத்தான் பதில் சொல்லுவேன்."

கட்டிக்கொள்ளலாமா என்று கேட்ட முனியராஜுக்குப் பானுப்பிரியா போட்ட நிபந்தனை இது. மூன்று வருஷமாகத் தேடியும் அவள் கண்ணில் படாத பறவை அது.

காலண்டர் அச்சகத்தில் வேலை பார்க்கும் அவளும், பட்டாசுக் கம்பெனி வேன் ஓட்டும் அவனும் தினமும் விடிந்ததும் சிவகாசிப் பூங்காவுக்கு வந்து தேடினார்கள். பங்குனி முடிந்தால் குருவி வடக்கே போய்விடும். முனியராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தாம் நாள், வேப்பமரத்தடிச் சருகுக்குள் பச்சை முதுகும் சிவந்த வாலடியுமாக அது புழு பொறுக்கிக்கொண்டிருந்தது.

"பானு! இங்கன ஓடி வாங்க!"

அவன் போட்ட சத்தத்தில் குருவி விருட்டென்று பறந்துவிட்டது. அவள் வந்தபோது வெறும் சருகுதான் கிடந்தது. முனியராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த காவலாளி கமாலுதீன் சிரித்தார்.

"இதுக்கு ஏம்ப்பா இம்புட்டு வருத்தம்? போன செவ்வாக்கிழம நீ லோடு ஏத்தப் போயிட்டேல்ல, அன்னைக்கே இந்தப் புள்ள அதைப் பாத்துட்டு அம்புட்டுக் குதி குதிச்சிச்சே!"

முனியராஜ் துள்ளி எழுந்தான். "பாத்தாச்சா? அப்ப ஏங்க பதில் சொல்லல?"

பானுப்பிரியா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சரின்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, மறுநாள் கருக்கல்லயே எந்திரிச்சு இங்கன வந்திருப்பீகளா?"