கேட் டியூட்டி

"வண்டியை இங்க நிறுத்தாதீங்க. அந்தப் பக்கம் போடுங்க."

"அக்கா, நான்தான்!" தம்பி ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"வர்ற வேகத்துலயே தெரிஞ்சுது. அந்தப் பக்கம் போடு."

கல்லூரி வாசலில் நீலச் சீருடையில், கையில் தடியோடு நின்றிருந்தாள் அக்கா. ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவள். அந்த ராணுவச் சீருடையைப் பார்த்து ஊரே சல்யூட் அடித்தது. அதில் பாதியை, 'நான் அவங்க தம்பி' என்று சொல்லியே இவன் வாங்கிக்கொண்டான். இந்தச் சீருடையில் மட்டும் அவனுக்குப் பங்கு வேண்டாம்.

வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

"எங்க மேனேஜர் பையன் இங்கதான் படிக்கிறான். நீதான் அவனுக்குக் கேட் திறந்து விடுறேன்னு எங்க ஆபீஸ் முழுக்கப் பரவிடுச்சு. நான் எங்க போய் முட்டிக்கிறது?"

"இந்தச் சுவர்ல மட்டும் முட்டாதே. இப்பதான் வெள்ளையடிச்சிருக்கு."

"விளையாடாதக்கா. எங்க குடோன்ல உனக்கு சூப்பர்வைசர் வேலை பேசி வச்சிருக்கேன். ஏசி ரூம், உக்காந்து பாக்குற வேலை. நாளைக்கே சேரலாம்."

"மாட்டேன்."

"ஏன்?"

"மாட்டேன்னா மாட்டேன். கேட்டுல நிக்கிறது நான். கால் வலிக்கிறது உனக்கா?"

மாலைக் கல்லூரிக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். பகலெல்லாம் எங்கோ உழைத்துவிட்டு வருகிறவர்கள். டாக்சி ஓட்டுபவர் சாவியைச் சுழற்றியபடி வந்தார். மருந்துக்கடைப் பெண் வாயில் பிஸ்கட்டோடு ஓடி வந்தாள். நகக்கண்ணில் பெயின்ட் போகாத ஒருவர் அவசரமாகத் தலை வாரிக்கொண்டார். ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பார்த்துத்தான் உள்ளே விட்டாள் அக்கா.

"படிக்கிற ஆசையில இங்க சுத்துறியாக்கா? ராணுவத்துல இருந்தவங்களுக்குத்தான் இங்க பீஸே கிடையாதே! கௌரவமா பெஞ்சுல உக்காரு."

"உக்கார்றேனே. காலையில வகுப்பு, மத்தியானத்துலேர்ந்து கேட்."

இது அவனுக்குப் புதுச் செய்தி. ஒரு நொடி விழித்துவிட்டுச் சமாளித்தான்.

"பென்ஷன் வருது, பீஸும் கிடையாது. அப்புறம் எந்தக் குறைக்கு இந்தத் தடி?"

அக்கா அடுத்தவரின் அட்டையைப் பார்க்கத் திரும்பினாள். தம்பி கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

"எனக்காக வேண்டாம். அம்மாவுக்காக விட்டுடு. நேத்து சாயங்காலம் போன்ல ஒரே அழுகை. 'என் பொண்ணு கேட்டுல நிக்கிறாளே, நாலு பேர் முகத்துல எப்படி முழிப்பேன்'னு."

"நேத்து சாயங்காலமா?" அக்காவின் உதட்டோரம் துடித்தது.

"பின்னே? நான் பொய்யா சொல்றேன்?"

பொய்தான். கொஞ்ச நாளாகச் சாயங்காலத்தில் அம்மாவின் போன் அணைந்தே கிடந்தது. அதனால் என்ன? எடுத்திருந்தால் அம்மா இதைத்தான் சொல்லியிருப்பாள். பெற்றவள் மனசில் இருப்பது பிள்ளைக்குத் தெரியாதா?

"அம்மா பாவம்க்கா. ஸ்கூல் முடிஞ்சதுமே கட்டிக் குடுத்துட்டாங்க. அடுப்படியைத் தாண்டி உலகம் தெரியாது. அவங்களுக்குன்னு மிச்சமிருக்கிறது குடும்ப மானம் ஒண்ணுதான்."

"அடுப்படியில விட்டது யாரு?"

"அந்தக் காலம் அப்படி."

"காலத்து மேல பழியைப் போடாதே. காலமா வந்து புஸ்தகத்தைப் பிடுங்கிச்சு? தாத்தா பிடுங்கினாரு. அப்பா திருப்பித் தரல. நீ இன்னிக்கும் வீட்டுக்கு வந்தா, அம்மா தட்டுல சோறு போட்டாத்தான் சாப்பிடுறே."

தம்பிக்குச் சுருக்கென்றது. பேச்சை வெட்டினான்.

"உன்கிட்டப் பேசிப் பிரயோஜனமில்ல. காலேஜ் ஆபீஸ்ல போய்ப் பேசிக்கிறேன். குடும்பத்துக்கு இஷ்டமில்லன்னா அவங்களே உன்னை அனுப்பிடுவாங்க."

ஓரடி வைத்தான். தடி குறுக்கே இறங்கியது.

"கார்டு?"

"அக்கா!"

"கார்டு இல்லாம உள்ள கால் வச்சுப் பாரு. துப்பாக்கிச் சத்தத்துக்கே வண்டியைத் திருப்பாதவ நான். உன் சத்தத்துக்குத் திருப்புவேனா?"

வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரல் தானாக இறங்கியது.

"அப்படி என்னதான்க்கா இருக்கு இந்த வேலையில?"

அக்கா தடியை எடுக்கவில்லை. குரலை மட்டும் தணித்தாள்.

"ராணுவத்துல குடுத்த சலுகை எனக்கு மட்டும்தான்டா. இந்தக் காலேஜ்ல வேலை பார்த்தா, வீட்ல இன்னொருத்தருக்கும் பீஸ் கிடையாது. வேலை போனா அந்த சீட்டும் போச்சு. இப்பப் போய்ப் பேசு, பார்ப்போம்."

தம்பி சிரித்துவிட்டான். "இன்னொருத்தரா? கல்யாணமே வேண்டாம்னு நின்னவ நீ. உனக்கென்ன புள்ளையா குட்டியா? யாரைப் படிக்க வைக்கப் போறே?"

உள்ளே வகுப்பு மணி அடித்தது. பின்னாலிருந்து யாரோ ஓடி வரும் செருப்புச் சத்தம். கனத்த பை ஒன்று அவன் முதுகில் இடித்தது.

"இன்னிக்கும் லேட்டா? கார்டு," என்று அவனைத் தாண்டிக் கையை நீட்டினாள் அக்கா.

"பஸ் லேட்டுடி," என்று மூச்சு வாங்கி, கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டி, வாய் பிளந்து நின்றவனை "நகருடா" என்று ஓரம் தள்ளிவிட்டு, முதலாமாண்டு வகுப்பைப் பார்த்து ஓடினாள் அம்மா.