என் கண்ணைப் பாரு

பேச்சு வராத தன் குஞ்சை ஒரு தவிட்டுக்குருவி மைனாவிடம் கூட்டி வந்தது. எந்தப் பறவையின் குரலிலும் பேசத் தெரிந்த மைனா, அந்தத் தோப்பில் பேச்சுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது.

"என் கண்ணைப் பாரு. 'வணக்கம் அத்தை'ன்னு சொல்லு," என்றது மைனா.

குஞ்சு கண்ணைப் பார்க்கவில்லை. மைனாவுக்குப் பின்னால் எங்கோ பார்த்தபடி அலகால் கிளையைத் தட்டியது.

"தட்டக் கூடாது. வாயால சொல்லணும்."

குஞ்சு இன்னும் வேகமாகத் தட்டியது. அதன் இறகெல்லாம் சிலிர்த்து நின்றது.

"வீட்டுலயும் இதே பிடிவாதம்தானா?" என்று மைனா தாயிடம் கேட்டது.

"பிடிவாதம் இல்லைங்க. ஏதாவது சொல்லணும்னாதான் தட்டுவான்," என்ற தாய் சட்டென்று நிறுத்தியது. "இப்பவும் என்னமோ சொல்றான்."

"அதுக்கெல்லாம் திரும்பிப் பாத்தா அதுவே பழகிடும். பாக்காதீங்க. டேய், இங்க பாரு, என்னைப் பாரு!"

தாய், மகன் பார்த்த பக்கம் பார்த்தது. மைனாவின் வாலுக்கு ஒரு சாண் பின்னால், கிளையோடு கிளையாகக் கிடந்த சாரைப்பாம்பு தலையைத் தூக்கியிருந்தது.

"பறந்துடுங்க!"

மூன்றும் எதிர்மரத்தில் போய் உட்கார்ந்தன. மைனாவின் வாய் திறந்தே இருந்தது, சத்தம் வரவில்லை. குஞ்சு அதன் அருகில் நகர்ந்து வந்து, எங்கோ பார்த்தபடியே, கிளையில் மெதுவாகத் தட்டியது.

"அடி பட்டுச்சான்னு உங்களைத்தான் கேக்குறான். பதில் சொல்லுங்க," என்றது தாய்.

மைனா தயங்கியது. பிறகு அலகைத் தாழ்த்தி, தப்பாகிவிடுமோ என்ற பயத்தோடு, கிளையைத் தட்டியது.