வலப்பக்கத்துச் சூடு

தச்சர் அந்தப் பழைய ஸ்டீரியோ பெட்டியைப் பிரித்து, பாடும்போது வலப்பக்கத்தில் சூடேறும் வால்வுகள், ஒலிபெருக்கி எல்லாவற்றையும் மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டார். பட்டறையில் மிஞ்சியது வெறும் மரக்கூடு. அதில் ஒரு மின்கம்பிகூட இல்லை. ஆனாலும் மதியமானால் மேற்பலகையின் வலப்பக்கம் மட்டும் சுட்டது. வெயில் எட்டிப் பார்க்காத மூலை அது. பட்டறைப் பூனை காரணம் எதுவும் கேட்காமல் அங்கே ஏறிப் படுத்துக்கொண்டது. சூட்டோடு பாலிஷ் பூசினால் கொப்புளிக்கும் என்று தச்சர் வேலையைத் தள்ளிப்போட்டார்.

வேலை இழுத்துக்கொண்டே போகவும், பெட்டிக்குச் சொந்தக்கார அம்மாள் நேரிலேயே வந்துவிட்டார். கணவர் இறந்த பிறகுதான் அதைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தார்.

"ஏன் இன்னும் முடியலை?"

"நீங்களே தொட்டுப் பாருங்கம்மா. உள்ளே ஒண்ணுமே இல்லை. ஆனா சுடுது."

அம்மாள் பூனையை நகர்த்திவிட்டு உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை. அவசரமாகக் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரர் இப்பத்தான் பாட்டை நிறுத்தியிருக்காரு. நிறுத்தினா நேரா சாப்பிடத்தான் வருவாரு. நான் இன்னும் அடுப்பே பத்தவைக்கலையே!"

அம்மாள் தெருமுனையில் திரும்பும்வரை தச்சர் வாசலில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே வந்து பலகையைத் தொட்டார். மரம் மெல்ல ஆறிக்கொண்டிருந்தது.